ரன் பட்டனுக்கு வாயிருந்தா அழும்

ஏட்டி பேத்தி, நீ பாக்குத வேலையைக் குறை சொல்ல நான் யாரு? ரொம்ப உசந்த வேலை. ரெசிஸ்டர் மேல மவுஸ வச்சு ஒரு அமுக்கு. 10 கிலோவை அழிச்சு 10.1 கிலோ. ரன். கோடு ஊந்து முடியுத வரைக்கும் ஃபோன்ல ரெண்டு ரீல்ஸ். அப்புறம் கர்சரை இழுத்துக் கோட்டு மேல வச்சு, கண்ணச் சுருக்கி எண்ணப் படிச்சு, எக்ஸெல்ல தட்டி, மறுபடியும் ரெசிஸ்டர். சம்பளமும் கொடுத்து விரலுக்கு இம்புட்டு எக்சர்சைஸும் கொடுக்குத கம்பெனி வேற எங்கன கிடைக்கும்? இதைப் போய் ஆட்டோமேட் பண்ணுன்னு மேனேஜர் சொல்லிட்டாராம், உனக்கு வெசனமாம். நியாயந்தானே. விரல் சும்மா கெடந்தா அப்புறம் யோசிக்கணும்லா.

நான் பாலிடெக்னிக் லேப்ல ஆஸிலோஸ்கோப்பத் தொடைச்சே ரிட்டயர் ஆனவன். பெங்களூர் எஞ்சினியருக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி கெடையாது. ஆனா திண்ணையில சும்மா உக்காந்திருக்கவன் வாயை யாரு அடைக்க முடியும்? கேட்டா கேளு. கேக்காட்டி லேப்டாப்ப மூடிட்டுப் போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு.

மொதல்ல நீ புழங்குத சாமானோட வம்சத்தத் தெரிஞ்சுக்க. எல்டிஸ்பைஸ்ங்க, என்ஜிஸ்பைஸ்ங்க, பேரு ஆயிரம் இருக்கும், பூர்வீகம் ஒண்ணுதான். அமெரிக்காவுல பெர்க்லி யுனிவர்சிட்டி. ரொனால்டு ரோரர்னு ஒரு வாத்தியாரு வகுப்புல பிள்ளைக சேந்து ஒரு புரோகிராம் எழுதி, அதுக்கு ‘கேன்சர்’னு பேரு வச்சுதுக. பதறாத. நான்லீனியர் சர்க்யூட்டக் கம்ப்யூட்டர்ல அலசுதது, ‘கதிர்வீச்சு நீங்கலா’ங்கிறதோட முதலெழுத்துக் கோர்வை அது. அப்ப ராணுவப் பணத்துல எழுதுன புரோகிராம்னா கதிர்வீச்சு பட்டா சர்க்யூட் என்னாவும்னும் கணக்குப் போட்டாகணும். அந்தச் சோலியே எங்களுக்கு வேண்டாம்னு பேருலயே எழுதி ஒட்டிட்டுதுக. வாலுப் பிள்ளைக. அந்தக் கூட்டத்துல இருந்த லாரி நேகலும், வாத்தியாரு டொனால்டு பீடர்சனும் அதைத் தட்டிச் சரிபண்ணி, 1973ல கனடாவுல வாட்டர்லூங்கிற ஊர்ல நடந்த மாநாட்டுல ‘ஸ்பைஸ்’னு அரங்கேத்துனாக. 1975ல ரெண்டாவது ஸ்பைஸ் வந்துட்டு. பீடர்சன் அதைப் பூட்டி வச்சு யாவாரம் பண்ணல, கேட்டவுகளுக்கெல்லாம் கொடுத்தாரு. அதனாலதான் நீ இன்னைக்கு ஓசியில இறக்கி வச்சு, ஓசின்னு மதிக்காம ஓட்டிக்கிட்டிருக்க.

இதை ஏன் சொல்லுதேன்னா, அப்ப மவுஸும் கெடையாது, வரையுததுக்குத் திரையும் கெடையாது. ஒரு பார்ட்டுக்கு ஒரு அட்டை; அதுல ஓட்டை போட்டு, கட்டா அடுக்கி, கம்ப்யூட்டர் ரூம்ல கொடுத்துட்டு வந்துரணும். பதிலு காகிதத்துல வரும். கை படாம ஓடுததுக்குன்னே பொறந்த சாமான்ட்டி இது. நடுவுல படம் வரையுத வசதி வந்துட்டு, நீங்கள்லாம் அந்தப் படந்தான் சிமுலேட்டர்னு நெனச்சுக்கிட்டீக. இன்னைக்கும் கமாண்ட் லைன்ல ‘மைனஸ் பி’ன்னு ஒண்ணு போட்டா எல்டிஸ்பைஸும் என்ஜிஸ்பைஸும் திரையே இல்லாம ஓடி, பதிலைச் சொல்லிட்டுப் போயிரும். நீ புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டாம். அது ஏற்கெனவே தெரிஞ்சு வச்சிருக்கதைச் செய்ய விட்டாப் போதும்.

அட்டைக் காலத்து மிச்சம் இன்னும் ரெண்டு கெடக்கு. ஸ்க்ரிப்ட் எழுதுத அவசரத்துல அதுல காலை விட்டுராத. அட்டைக் கட்டுல மேலாப்புல இருக்கது தலைப்பு. அதனால நெட்லிஸ்டோட மொத வரியை ஸ்பைஸ் இப்பவும் தலைப்புன்னுதான் படிக்கும். உன் ஸ்க்ரிப்ட் மொத வரியில ஆர்-1ஐ எழுதிச்சுன்னா, அதைத் தலைப்பா வச்சிக்கிட்டு மிச்சத்த ஓட்டும். ஆர்-1 இல்லாத சர்க்யூட்ட ஆயிரம் தடவை ஓட்டிட்டு, “ஆர்-1ஐ என்ன மாத்துனாலும் ஒரு வித்தியாசமும் இல்ல, அருமையான டிசைன்”னு நீ ரிப்போர்ட் எழுதுவ. இன்னொண்ணு, அதுக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்து பேதம் தெரியாது. ஒரு மெகா ஓம்னு நெனச்சு எண்ணுக்குப் பின்னால ‘எம்’ போட்டா மில்லி ஓம்னு எடுத்துக்கும். மெகாவுக்கு ‘மெக்’னு மூணெழுத்து போடணும். நூறு கோடி மடங்கு வித்தியாசம். கையால ஒரு தடவை தப்பு பண்ணுனா படத்தப் பாத்ததும் முழிப்ப. ஸ்க்ரிப்ட் பண்ணுனா முழிக்கதுக்கு அங்க ஆளு யாரு?

சரி, சோலிக்கு வருவோம். உன் சர்க்யூட்டு 12 வோல்ட்ட 5 வோல்ட்டா இறக்குத பக் கன்வெர்ட்டர். 500 கிலோஹெர்ட்ஸ்ல சுவிட்ச் ஆவுது. பார்ட்டுகளோட மதிப்பு கூடக் குறைய இருந்தாலும் ஒழுங்கா ஓடுமான்னு பாக்கணும், அதானே? அப்ப ஒண்ணு கேக்கேன்: உனக்கு வேண்டியது கோடா, எண்ணா?

கோடுன்னா ரசி, தப்பில்ல. பத்துக் கோடு வரைக்கும் பாத்து ரசிக்கலாம். ஆயிரம் கோட்ட ஒரே படத்துல போட்டு மீட்டிங்ல காட்டுவீகள்லா, அது சர்க்யூட் இல்லட்டி, பச்சை பெயிண்டு. எண்ணுதான் வேணும்னா, ஓட்டுததுக்கு முந்தியே அதை எழுதிரு. ரிப்பிள் எத்தனை மில்லிவோல்ட்? லோடு பொசுக்குன்னு ஏறுனா வோல்டேஜ் எம்புட்டு இறங்குது, எத்தனை மைக்ரோசெகண்டுல நிமிருது? எதுக்கு மேல போனா ஃபெயில்? அந்த வரம்பையும் முந்தியே எழுது. ரிசல்ட்டப் பாத்துட்டு வரம்பு வச்சா, எல்லாம் பாஸ் ஆவுத மாதிரிதான் வைப்ப. உன் தாத்தன் வம்சம்லா நீ.

எண்ண எடுத்துக் கொடுக்கதுக்கு ‘டாட் மெஷர்’னு ஒரு வரி இருக்கு. கர்சர் இழுக்குத உன் வேலையை அது செஞ்சு லாக்ல எழுதிரும். ஆனா எந்த நேரத்துல இருந்து எந்த நேரம் வரைக்கும்னு சொல்லாம விட்டீன்னா, ஸ்டார்ட் ஆகும்போது சைபர்ல இருந்து 5 வோல்ட்டுக்கு ஏறுனதையும் சேத்து அளந்துட்டு, “ரிப்பிள் 5 வோல்ட்”னு நிக்கும். அது பொய் சொல்லல. நீ கேட்டதுக்குப் பதிலு சொல்லிச்சு.

அடுத்தது, ஆயிரம் ரன்னு ஓட்டுததுக்கு முன்னாடி ஒரு ரன்ன இளைக்க வையி. உங்க ஆளுகளுக்கு இது மட்டும் பிடிக்காது. மெதுவா ஓடுதா, பெரிய கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுங்கம்பீக. கம்பெனிப் பணம், எனக்கென்ன? ஆனா கணக்கப் பாரு. நீ ஓட்டுதது 5 மில்லிசெகண்டு. அதுக்குள்ள 2,500 தடவை சுவிட்ச் ஆவுது. அதிகபட்ச டைம் ஸ்டெப் 10 நானோசெகண்டுன்னு யாரோ என்னைக்கோ எழுதி வச்சதை நீயும் கும்புட்டு வச்சிருக்க. அப்ப குறைஞ்சது 5 லட்சம் புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் அது நியூட்டன்-ராப்சன் முறையில திருப்பித் திருப்பிச் சமன்பாட்டுக் கட்ட அவுத்தாகணும். அது போதாதுன்னு 60 சிக்னலையும் சேத்து வைன்னு விட்டுருக்க. ஒரு எண்ணுக்கு 8 பைட்டுன்னா ஒரு ரன்னுக்கு 240 எம்பி. ஆயிரம் ரன்னுக்கு 240 ஜிபி. அம்புட்டையும் டிஸ்க்ல கொட்டிட்டு, அதுல இருந்து நீ எடுக்கப் போறது ரன்னுக்கு ஒரு எண்ணு. மொத்தம் 8,000 பைட்டு. ‘டாட் சேவ்’னு ஒரு வரி போட்டு, வேண்டிய ரெண்டு சிக்னல மட்டும் வைக்கச் சொன்னா என்ன, கையெழுத்து தேஞ்சா போவும்?

அந்த 5 மில்லிசெகண்டுல மொத 4 மில்லிசெகண்டு என்ன நடக்கு? சாஃப்ட் ஸ்டார்ட். உன் கேள்வி லோடு ஏறுனா என்னாவும்ங்கிறது. அதுக்கு ஒவ்வொரு தடவையும் தூங்குத சர்க்யூட்ட எழுப்பிப் பல்லு விளக்க வச்சிக்கிட்டிருக்க. அவுட்புட் கெப்பாசிட்டர்ல 5 வோல்ட்டு, இண்டக்டர்ல ஓடுத கரெண்ட்டு, இதையெல்லாம் ஆரம்ப நிலைன்னு எழுதிக் கொடுத்துட்டா 1 மில்லிசெகண்டுல சோலி முடிஞ்சிரும். மாடல்ல சாஃப்ட் ஸ்டார்ட்டுன்னு தனியா ஒண்ணு இருந்தா அதையும் முடிஞ்ச நிலைக்குக் கொண்டாந்துரு. ஆனா காம்பன்சேஷன் கெப்பாசிட்டர மறந்துராத. அவுட்புட்டுக்கு மட்டும் 5 வோல்ட்டு கொடுத்துட்டு அதைச் சைபர்ல விட்டா, லூப்பு கோட்டி பிடிச்ச மாதிரி ஆடிட்டு அப்புறந்தான் அடங்கும். மிச்சம் பிடிச்ச நேரத்தை அங்க விட்டுருவ.

அப்புறம் அந்தச் சுவிட்ச் சிக்னல். ஒரு பிக்கோசெகண்டுல ஏறணும்னு யாரு கேட்டா? நெசமான சிப்புல அது பல நானோசெகண்டு எடுக்கும். நீ செங்குத்தா வரைஞ்சு வச்சா, ஒவ்வொரு விளிம்புலயும் சிமுலேட்டர் ஸ்டெப்ப நறுக்கி நறுக்கித்தான் நகரும். 2,500 சுவிட்ச்சுக்கு 5,000 விளிம்பு. நிசத்துல இருக்கத விடக் கூர்மையா வரைஞ்சிட்டு, மெதுவா ஓடுதேன்னு அதைத் திட்டுத.

இதையெல்லாம் செய்ய மனசில்லாம, ‘ரெல்டால்’னு ஒரு திருகு இருக்கே, அதை லூசாக்குனா வேகமா ஓடும்னு உன் சிநேகிதன் சொன்னானாம். வேகமாத்தான் ஓடும். சாதாரணமா அது 0.001. அவன் சொன்ன மாதிரி 0.01 வச்சா, 5 வோல்ட்டுல 50 மில்லிவோல்ட்டு முன்னப் பின்ன இருந்தாலும் “சரி, ஒத்துப் போச்சு”ன்னு அடுத்த புள்ளிக்குப் போவ அதுக்கு அனுமதி உண்டு. நீ தேடுத ரிப்பிளே 20 மில்லிவோல்ட்டு. வரப்போற பதிலு உன் சர்க்யூட்டோட ரிப்பிளா, சிமுலேட்டரோட அலட்சியமான்னு யாரு பிரிச்சுச் சொல்லுவா? அந்தச் சிநேகிதனக் கூப்புட்டுச் சொல்லச் சொல்லு.

லூப்பு நெலையா இருக்குமான்னு மட்டும் பாக்கணும்னா சுவிட்ச் பண்ணவே வேண்டாம். 1976லயே கால்டெக்ல மிடில்புரூக்கும் சுக்கும் சேந்து, சுவிட்ச் ஆவுத சர்க்யூட்டச் சராசரியாக்கிப் பாக்குத வழிய எழுதி வச்சிட்டாக. அந்தச் சராசரி மாடலப் போட்டு ஏசி அனாலிசிஸ் ஓட்டுனா கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஃபேஸ் மார்ஜின் கைக்கு வந்துரும். நீ அதே பதிலுக்கு ரெண்டு மணி நேரம் அலைய எண்ணிக்கிட்டிருக்க. அலை பாக்க அழகாத்தான் இருக்கும். எனக்கும் கன்னியாகுமரி போனா அப்பிடித்தான்.

இப்ப ஒரு ரன்னு 40 செகண்டுக்கு வந்துட்டுன்னு வச்சிக்க. “தாத்தா, லூப்பு போட்டு எல்லாத்தையும் ஓட்டிருதேன்”ம்ப. ஓட்டு. எத்தனை மாறுது? இண்டக்டர், அவுட்புட் கெப்பாசிட்டர், அதோட ஈஎஸ்ஆர், ஃபீட்பேக் ரெசிஸ்டர் ரெண்டு, காம்பன்சேஷன் ரெசிஸ்டர், காம்பன்சேஷன் கெப்பாசிட்டர், இன்புட் வோல்டேஜ், டெம்பரேச்சர். ஆக மொத்தம் ஒம்பது. ஒவ்வொண்ணுக்கும் குறைச்சல், நடு, கூடுதல்னு மூணு மதிப்பு. ஒம்பதுக்குள்ள ஒம்பது லூப்பு, பாக்கதுக்கு ஸ்க்ரிப்ட் ஜோரா இருக்கும். ஓட்ட வேண்டியது 19,683 ரன்னு. 40 செகண்டால பெருக்கு: ஒம்பது நாளும் கொஞ்ச மணி நேரமும். ஒம்பது நாளும் லேப்டாப்பு விண்டோஸ் அப்டேட் கேக்காம இருக்கணும்னு சுடலைமாடனுக்கு நேந்துக்க.

இல்லேன்னா இப்பிடிச் செய். எல்லாம் நடு மதிப்புல ஒரு ரன்னு. அப்புறம் ஒவ்வொண்ணா, ஒண்ண மட்டும் ஏத்தி ஒம்பது ரன்னு. எதை ஏத்துனா உன் எண்ணு கூடுது, எதை ஏத்துனா குறையுதுன்னு தெரிஞ்சு போவும். இப்ப எல்லாத்தையும் எண்ணு கூடுத பக்கமா தள்ளி ஒரு ரன்னு, குறையுத பக்கமா தள்ளி ஒரு ரன்னு. மொத்தம் 12. எட்டு நிமிசம். காபி ஆறுததுக்குள்ள ரெண்டு ஓரமும் கையில.

உடனே துள்ளாத. ஒவ்வொரு பார்ட்டும் எண்ண ஒரே தெசையில தள்ளும்போதுதான் இந்த வித்தை பலிக்கும். இண்டக்டரும் கெப்பாசிட்டரும் சேந்து எங்கயாவது நடுவுல ரெசனன்ஸ் போட்டுச்சுன்னா, மோசமான இடம் ஓரத்துல இருக்காது, நடுவுல ஒளிஞ்சு கெடக்கும். அதனால ஏத்திப் பாத்ததை இறக்கியும் பாத்துக்க. அதுக்கு இன்னும் ஒம்பது ரன்னு, ஆறு நிமிசம். ஏத்துனாலும் இறக்குனாலும் எண்ணு ஒரே தெசையில போச்சுன்னா அங்கன சந்தேகப்படு. ஒழிஞ்ச நேரத்துல ஃபோனைப் பாக்கதுக்குப் பதிலா சந்தேகப்படக் கத்துக்கச் சொல்லுதேன். அதுக்கு லைசென்ஸ் ஃபீஸ் கெடையாது.

இன்னும் சிலதுக்கு ஓட்டவே வேண்டாம். ஃபீட்பேக் ரெசிஸ்டர் ரெண்டும் ஒரு சதவீதம், ரெஃபரன்ஸ் 0.8 வோல்ட்டுன்னா அவுட்புட் எம்புட்டு நகரும்? ரெண்டு ரெசிஸ்டரும் எதிரெதிரா போனா ரெண்டு சதவீதம். அதை ஒண்ணுல இருந்து 0.8/5 கழிச்சு வர்ற 0.84ஆல பெருக்கு. 1.68 சதவீதம், சுமார் 84 மில்லிவோல்ட்டு. ரெஃபரன்ஸோட பிசகு அதுக்கு மேல. கேலண்டர் தாள் பின்னால எழுதுத கணக்கு. இதுக்கு நீ நேத்து ரெண்டு மணி நேரம் ரன் அமுக்குன. பட்டனுக்கு வாயிருந்தா அழுதிருக்கும்.

ரெண்டு ஓரத்தையும் பிடிச்சுட்ட. ஆனா ஒம்பது பார்ட்டும் ஒரே நாள்ல ஒத்துமையா மோசமாப் போறது நெசத்துல அபூர்வம். லட்சம் போர்டு செஞ்சா எத்தனை திரும்பி வரும்ங்கிறதுதான் கம்பெனிக்குக் கவலை. அதுக்குத்தான் மான்டே கார்லோ: ஒவ்வொரு பார்ட்டுக்கும் சீட்டுக் குலுக்கிப் போட்டு மதிப்பெடுத்து, ரன்னு மேல ரன்னு. இங்கதான் உங்க பாட்டி வந்து, ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம், எதுக்கு ஆயிரம்னு கேப்பா. பானையில அத்தனை அரிசியும் ஒரே தண்ணியில, ஒரே தீயில வெந்திருக்கு. அதனால ஒரு பருக்கை மிச்சத்துக்குச் சாட்சி சொல்லும். உன் ரெசிஸ்டர் ஒரு ஊரு, கெப்பாசிட்டர் ஒரு ஊரு, சிப்பு கடல் தாண்டி வந்தது. ஒண்ணு இன்னொண்ணுக்கு ஏன் சாட்சி சொல்லணும்?

அப்ப எத்தனை பருக்கை? “நூறு ஓட்டுனேன் தாத்தா, ஒண்ணு கூட ஃபெயில் இல்ல”ன்னு நீ சிரிக்க. நூத்துக்கு ஒண்ணு கெட்டுப் போற டிசைனா இருந்தாலும், நூறு ரன்னுல ஒண்ணு கூடக் கண்ணுல படாம தப்பிக்க 37 சதவீதம் வாய்ப்பு இருக்குட்டி. 0.99ஐ நூறு தடவை பெருக்கிப் பாரு, தெரியும். ஒரு சுளுவான கணக்கு வச்சிக்க: ஃபெயிலே இல்லாம எத்தனை ரன்னு ஓட்டுனியோ, அதால மூணை வகு. அதுக்கு மேல கெடாதுன்னு 95 சதவீத நம்பிக்கையோட சொல்லலாம். 300 ஓட்டி ஒண்ணும் கெடலேன்னா நூத்துக்கு ஒண்ணு. ஆயிரத்துக்கு ஒண்ணுன்னு சொல்லணும்னா 3,000 ஓட்டணும். சராசரியத் துல்லியமாக்க நெனச்சா அதுலயும் கஞ்சத்தனம்: பிசகைப் பாதியாக்க நாலு மடங்கு ரன்னு, பத்துல ஒண்ணாக்க நூறு மடங்கு. அதனால எம்புட்டு துல்லியம் வேணும்னு மொதல்ல மேனேஜர்கிட்ட கேளு. அவருக்கும் தெரியாது. அப்ப ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருக்கலாம்.

சீட்டுக் குலுக்குததுலயும் சூட்சுமம் உண்டு. குலுக்கலுக்கு ‘சீடு’ன்னு ஒரு ஆரம்ப எண்ணு இருக்கும், அதை எழுதி வை. 417வது ரன்னு கெட்டுதுன்னா அதே மதிப்புகளோட அதை மட்டும் திரும்ப ஓட்டிப் பாக்க முடியணும். எல்டிஸ்பைஸ்ல வழக்கமா ஒவ்வொரு தடவையும் அதே வரிசையிலதான் சீட்டு விழும். கடிகாரத்த வச்சுக் குலுக்குன்னு தனியா டிக் பண்ணுனாத்தான் மாறும். இது தெரியாம ஒருத்தன் அதே ஆயிரத்த மூணு தடவை ஓட்டி, “மூணு தடவையும் ஒரே ரிசல்ட்டு, டிசைன் பாறை மாதிரி இருக்கு”ன்னான். பாறை அவன் தோளுக்கு மேலதான் இருந்துச்சு.

இனி வேகம். ஒரு ரன்னுக்கும் இன்னொரு ரன்னுக்கும் பேச்சுவார்த்தை கெடையாதுலா? அப்ப ஒண்ணு முடியட்டும்னு இன்னொண்ணு ஏன் காத்திருக்கணும்? உன் கம்ப்யூட்டர்ல எட்டு கோர் இருந்தா ஏழுல ஏழு ரன்ன ஏவி விடு. ஒண்ண உனக்கு வச்சிக்க, இல்லேன்னா மவுஸ் அசையாது. பைத்தான்ல ஒரு முப்பது வரி இருந்தாப் போதும். நெட்லிஸ்ட்ல எண்ணப் பதிச்சு வைக்காம, ‘டாட் பேராம்’னு பேரு வச்சு, எண்ணத் தனி ஃபைல்ல கொடு, ஸ்க்ரிப்ட் அந்த ஃபைல மட்டும் மாத்தட்டும். ரன்னுக்கு ஒரு ஃபோல்டர் கொடு. ஏழு பேரும் ஒரே ஃபோல்டர்ல எழுதுனா ஒருத்தன் லாக்க இன்னொருத்தன் அழிப்பான். கடைசியில நூறு ரன்னுக்கும் ஒரே ரிசல்ட்டு இருக்கும், நீ அதையும் பாறைம்ப. என்ஜிஸ்பைஸ் தனக்குள்ளயே பல திரெட்டா பிரிஞ்சு ஓடுத வசதி வச்சிருக்கு. ஏழ ஒண்ணா ஓட்டும்போது அதை ஒண்ணுன்னு அடக்கி வை. சின்ன சர்க்யூட்ட ஏழு துண்டாக்குனா, செய்யுத வேலையை விட ஒண்ணுக்கொண்ணு காத்துக் கெடக்குத நேரம் கூடிப் போவும்.

ஏழு கோர்னா ஏழு மடங்குன்னு மேனேஜருக்கு வாக்குக் கொடுத்துராத. 1967லயே ஜீன் அம்டால் சொல்லி வச்சிட்டாரு: பத்துல ஒரு பங்கு வேலை வரிசையாத்தான் நடக்கணும்னா, ஆயிரம் கோர் வச்சாலும் பத்து மடங்கத் தாண்டாது. உன் விசயத்துல அந்தப் பத்துல ஒண்ணு எதுன்னு தெரியுமா? ரன்னு எல்லாம் முடிஞ்சப்புறம் ரிசல்ட்ட ஒவ்வொண்ணா காப்பி பண்ணி எக்ஸெல்ல ஒட்டுதேல்லா, அதான். அதையும் ஸ்க்ரிப்ட்டுகிட்ட கொடு. காசு கொடுத்து வாங்குன சாஃப்ட்வேர்னா லைசென்ஸ் எத்தனையோ அத்தனைதான் ஒரே நேரத்துல ஓடும். என்ஜிஸ்பைஸுக்கு அந்தத் தொல்லை இல்ல. அதை வச்சு பாம்பே ஐஐடிக்காரங்க ‘ஈசிம்’னு ஒண்ணு கட்டிப் பிள்ளைகளுக்கு இலவசமாவே கொடுக்காக. ரொம்பப் பெரிய சர்க்யூட்டுன்னா அமெரிக்காவுல சாண்டியா லேப்காரங்க பல கம்ப்யூட்டர்ல பிரிச்சு ஓட்டுததுக்குன்னே ‘சைஸ்’னு எழுதி, 2013ல தொறந்து விட்டுருக்காக. உன் பக் கன்வெர்ட்டருக்கு அதெல்லாம் வேண்டாம், ஆசைப்படாத.

இப்ப முக்கியமானதக் கேளு. ஆயிரத்துல முப்பது ரன்னு முடியாம நின்னு போவும். ‘டைம் ஸ்டெப் டூ ஸ்மால்’னு முனங்கிட்டுப் படுத்துரும். உன் ஸ்க்ரிப்ட் நாகரிகமா அதைத் தள்ளி வச்சிட்டு, மிச்ச 970க்கு சராசரி போட்டு, நூத்துக்கு நூறு பாஸ்னு பச்சைக் கலர் அடிக்கும். எந்த முப்பது நின்னுச்சுன்னு பாத்தியா? அனேகமா ஓரத்துல கெடந்த மதிப்புகளாத்தான் இருக்கும். நீ எதைத் தேடிப் போனியோ அதையே குப்பையில போட்டுட்டு வந்திருக்க. பாஸ், ஃபெயில், முடியலன்னு மூணு கூடை வை. மூணாவது கூடையக் கொட்டிப் பாக்காம ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடாத. வேற ஆள விட்டுப் போடச் சொல்லு.

இவ்வளவும் செஞ்சிட்டா வெற்றின்னு நெனக்காத, இன்னும் ஒண்ணு இருக்கு. அவுட்புட் கெப்பாசிட்டருக்குப் பத்து சதவீதம் கூடக் குறையன்னு வச்சு ஆயிரம் சீட்டுக் குலுக்குன. அது செராமிக் கெப்பாசிட்டர்தானே? அது மேல டிசி வோல்டேஜ் ஏற ஏற அதோட கொள்ளளவு சுருங்கும்ட்டி. சின்ன சைசுல வாங்கி அதோட வரம்பு வோல்டேஜுக்குப் பக்கத்துல வச்சா, 10 மைக்ரோஃபாரட்ல பாதிக்கு மேல காணாமப் போறதும் உண்டு. அந்தக் கெப்பாசிட்டர் வகைக்குப் போடுத எக்ஸ்7ஆர்ங்கிற பேரு டெம்பரேச்சருக்குத்தான் ஜாமீன், மைனஸ் 55ல இருந்து 125 டிகிரி வரைக்கும் பதினஞ்சு சதவீதத்துக்குள்ள நிப்பேன்னு. வோல்டேஜுக்கு அது ஒரு வாக்கும் கொடுக்கல. டேட்டாஷீட்ல அந்தக் கோட்டப் பாக்காம, பத்து சதவீதத்துக்கு மூணு தசமம் துல்லியமா விடை எடுத்து வச்சிருக்க. ஆட்டோமேஷன் உன் கேள்விய ஆயிரம் மடங்கு வேகமாக் கேக்கும். கேள்வி சரியான்னு ஒரு தடவை கூடக் கேக்காது.

நேஷனல் செமிகண்டக்டர்ல பாப் பீஸ்னு ஒரு மனுசன் இருந்தாரு. அனலாக் ஆளுகளுக்குச் சாமி மாதிரி. ஸ்பைஸ் பொய் சொல்லும், நம்பாதீகன்னு பத்திரிகையில விடாம எழுதிக்கிட்டே இருப்பாரு. மாடியில இருந்து கம்ப்யூட்டரத் தூக்கி வீசிப் படமும் எடுத்துக்கிட்டவரு. அவரு அம்புட்டு தூரம் போனாரு, நான் போகல. லேப்டாப்பு வெலை எனக்குத் தெரியும். ஆனா அவரு பேச்சுல ஒரு உண்மை இருக்கு: நீ மாடல்ல எழுதாத எதையும் சிமுலேட்டர் உனக்குச் சொல்லாது. போர்டு சொல்லும். கேக்காமலே சொல்லும், சில சமயம் புகையோட.

அதனால இந்தக் கெழவன் பேச்சக் கேக்கதா இருந்தா, மேனேஜர்கிட்ட போயி, “19,683 ரன்னு சார், ஒம்பது நாள் ஆவும்”னு மூஞ்சியத் தொங்கப் போட்டுச் சொல்லு. சொல்லிட்டு அந்தப் பன்னெண்ட எட்டு நிமிசத்துல ஓட்டிரு. ராத்திரியோட ராத்திரியா மூவாயிரம் மான்டே கார்லோவ ஏழு கோர்ல ஏவி விட்டுட்டுத் தூங்கு, விடியுததுக்குள்ள முடிஞ்சிரும். மிச்ச நாளுக்கு லேப்புக்குப் போ. போர்டுல கெப்பாசிட்டர மாத்திச் சால்டர் பண்ணு, ஹேர் டிரையரால சுட வை, லோட ஏத்தி இறக்கு, ஸ்கோப்புல வர்ற எண்ண உன் ஸ்க்ரிப்ட் எழுதுன எண்ணுக்குப் பக்கத்துல எழுது. ரெண்டும் ஒத்துப் போச்சுன்னா ஒம்பதாம் நாள் ரிப்போர்ட்டக் கொடு. ஒத்துப் போகலைன்னா இன்னும் ஒம்பது நாள் கேளு, இந்தத் தடவை பொய் சொல்ல வேண்டியிருக்காது.